ஐஸ்கிரீம் வண்டியில் தொடங்கிய கடை தரும் பாடம்

சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்திலேயே பெரிய கடை வந்துவிட்டது. இனி நம்மிடம் யார் வருவார்கள்?" என்பதே அது. இதற்கு விடை தேட, இம்முறை நாம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போய் வருவோம்.

மெக்சிகோ மக்களின் தெரு உணவு டாக்கோ. மக்காச்சோள மாவில் தட்டிச் சுட்ட சிறு ரொட்டியின் பெயர் டார்ட்டியா. அதன்மேல் இறைச்சி, நறுக்கிய வெங்காயம், கொத்துமல்லித் தழை, மிளகாய்ச் சாறு ஆகியவற்றை வைத்து மடித்துக் கையில் கொடுப்பார்கள். நின்றபடியே சாப்பிடலாம், வாங்கிக்கொண்டும் போகலாம்.

கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1937-இல் மிட்லா கஃபே என்ற மெக்சிகோ உணவகம் தொடங்கப்பட்டது. டார்ட்டியாவை எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துச் செய்யும் டாக்கோ அங்கே பெயர்பெற்றிருந்தது. எதிர்ப்புறம் ஹாம்பர்கர் கடை நடத்திய கிளென் பெல் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 1962-இல் டாக்கோ பெல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது நாடு முழுவதும் கிளை பரப்பியது. டாக்கோ என்றால் மொறுமொறுப்பான ஓடுதான் என்று பெரும்பாலான அமெரிக்கர்கள் எண்ணினார்கள்.

இந்த நிலையில்தான், 1974-இல், மெக்சிகோவிலிருந்து குடியேறிய ராவுல் மார்ட்டினெஸ் பழைய ஐஸ்கிரீம் வண்டி ஒன்றை வாங்கி, அதையே சமையலறையாக மாற்றினார். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மதுக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். வாடகை இல்லை, மேசை நாற்காலி இல்லை. இரவில் பசியோடு வெளியே வருபவர்களே வாடிக்கையாளர்கள். அவர்களில் பலர் ஊரை விட்டு வந்து உழைத்த மெக்சிகோக்காரர்கள். அவர்களுக்குத் தம் ஊர்த் தெருவில் கிடைக்கும் மென்மையான டார்ட்டியாவிலேயே டாக்கோ கொடுத்தார். சில மாதங்களில் சைப்ரஸ் பார்க் பகுதியில் கடை திறந்தார். அதுவே கிங் டாக்கோ. பின்னர் பல கிளைகளாக வளர்ந்தது.

பெரிய நிறுவனத்தைப் போலவே செய்து அதைவிட ஒரு காசு குறைத்து விற்கலாம் என்று அவர் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இனி சரக்கைக் கவனிப்போம். மளிகை வணிகரான நமக்கு இதுதான் முக்கியம்.

மென்மையான டார்ட்டியாவின் இரகசியம் சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவி, ஈரமாக அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் மாவு ஒட்டும், தட்டினால் விரியாது. தானியத்தில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்ற சத்தும் உடலில் சேரும். இந்த முறையைக் கற்காமல் மக்காச்சோளத்தை மட்டும் கொண்டுபோய் அதையே முக்கிய உணவாக்கிய நாடுகளில் பெலாக்ரா என்ற நோய் ஏழைகளை வாட்டியது. சரக்கோடு அதன் பக்குவமும் போக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்தது மிளகாய். பொப்லானோ மிளகாய் காய்ந்தால் அதன் பெயர் ஆன்சோ. பழுத்த ஹலபேனோவைப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. ஒவ்வொன்றுக்கும் தனி மணம், தனி விலை. நம் கடையிலுள்ள வற்றலுக்கும் மூதாதை அங்கிருந்து கடல் கடந்து வந்ததுதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் குண்டுக்கும் நீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்கிறோம்?

ஒன்றை மறக்கக் கூடாது. அசல் என்றால் பழையது என்று பொருள் அல்ல. அல் பாஸ்டோர் என்ற புகழ்பெற்ற டாக்கோவே, லெபனான் பகுதியிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மா முறையில் பிறந்தது. ஆட்டிறைச்சிக்குப் பதில் பன்றி இறைச்சி வந்தது, மிளகாய் மசாலா சேர்ந்தது, அன்னாசியும் சேர்ந்தது. உண்பவர் நாவுக்கு ஏற்ப மாறியதால் அது அந்த ஊருக்கே சொந்தமாகிவிட்டது.

மறுபக்கத்தையும் பாருங்கள். டாக்கோ பெல் 1992-இல் மெக்சிகோவுக்கே சென்று கடை திறந்தது, நிலைக்கவில்லை. 2007-இல் மீண்டும் முயன்றது. மொறுமொறு டாக்கோவுக்குப் புதுப் பெயர் வைத்து, உருளைக்கிழங்கு வறுவலும் விற்றது. அதுவும் நீடிக்கவில்லை. அமெரிக்காவில் வெற்றி கண்ட அதே சரக்கு, அசலை அறிந்த வாடிக்கையாளரிடம் போகவில்லை. பெரிய முதல் இருந்தும் பயன் இல்லை.

நாம் கொள்ள வேண்டிய பாடங்கள்:

1. பெரிய கடையோடு விலையில் மட்டும் மோதினால் நம் முதல் கரையும். அவர்களிடம் இல்லாததை நாம் வைக்க வேண்டும்.

2. யார் எந்த ஊரிலிருந்து வந்து நம் பகுதியில் குடியிருக்கிறார்கள் என்று அறிய வேண்டும். அவர்கள் தேடும் சரக்குக்கு விளம்பரம் தேவைப்படாது.

3. மட்டமானதைக் கலந்து ஒரு முறை இலாபம் பார்க்கலாம். தரம் அறிந்தவர் மறுமுறை வரமாட்டார்.

4. சிறிதாகத் தொடங்குவது இழுக்கு அல்ல. வாடகையும் அலங்காரமும் தின்னும் பணத்தைச் சரக்கில் போடுவதே கெட்டிக்காரத்தனம்.

இன்றிரவு கடை அடைக்கும்போது ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்: நம் கடை நாளை மூடப்பட்டால், எந்தப் பொருளுக்காக வாடிக்கையாளர் நம்மை நினைத்து வருந்துவார்? விடை உடனே வந்தால் அதை வளர்ப்போம். வராவிட்டால், நாளைக் கொள்முதலிலேயே அதைத் தேடத் தொடங்குவோம்.