கஷாயத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று ஹிஸ்டரி எடுக்கும்போது கேட்டால், ஒரு வாரமாகக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கும் அம்மாவும் "இல்லப்பா" என்பார். அவருக்கு அது மருந்துக் கணக்கில் வராது. வந்தாலும், சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று தெரியும். கேள்வியை மாற்றுங்கள். "மஞ்சக்காமாலைக்கு வீட்ல கஷாயம், பொடி, பச்சிலை ஏதாச்சும் குடுத்தாங்களாம்மா?" என்று, முகம் சுளிக்காமல் கேளுங்கள். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக, யார் கொடுத்தது என்று நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கீழாநெல்லி என்று கடையில் விற்பதில் அதே சாயலுள்ள வேறு செடிகளும் கலந்திருப்பதுண்டு. பொட்டலத்தையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களில் ஒரு சாரார் 'மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது' என்பார்கள். இன்னொரு சாரார் எல்லாமே பித்தலாட்டம் என்பார்கள். இருவருமே புத்தகத்தைத் திறந்து பார்க்காதவர்கள் என்பது என் கட்சி. கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அதன் ஆன்டிஜென் மறைந்தது; பிளாசிபோ எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பல இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சரி, ஊரில் எப்படி இவ்வளவு பேருக்குக் குணமாகிறது? ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். இந்த ஒரு செடியை வைத்தே கிளினிக்கல் டிரையல் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம்.

நூறு மூலிகைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆபத்தானவை சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும். இருமலுக்கென்று மாதக்கணக்கில் அதிமதுரம் சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். அப்படிச் சாப்பிடுபவர் ஃப்யூரோசமைடும் டிகாக்ஸினும் எடுப்பவராக இருந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகலாம். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கண்வலிக்கிழங்கில் இருப்பது கோல்சிசின்; அதன் நச்சு வாந்தி பேதியில் தொடங்கும். பற்பம், செந்தூரம் என்றால் அதில் உலோகமோ தாதுவோ இருக்கலாம், வெறும் பச்சிலை என்று நினைத்துவிடாதீர்கள். மூட்டுவலிக்குப் பெயரில்லாத பொடி சாப்பிட்டு முகம் உப்பி வருபவரிடம் ஸ்டீராய்டு கலப்படத்தைச் சந்தேகியுங்கள். அப்போது பொடியைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாமல், உடனே சீனியரிடம் காட்டுங்கள்.

சந்தேகம் வந்தால் பார்மகாலஜி துறைக்குத் தெரிவியுங்கள். மருந்துப் பாதகங்களைப் பதிவு செய்யும் படிவத்தில் மூலிகை, சுயமருத்துவம் இரண்டையும் எழுத இடம் இருக்கிறது. அந்தக் கட்டத்தைத்தான் பலரும் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

ஹவுஸ் சர்ஜன்சியில் ஆயுஷுக்கென்று ஒரு வாரம் வரும். அதை லீவாக்கிவிடாதீர்கள். சித்தா பிரிவுக்குப் போய், அங்குள்ள மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: "சர்க்கரைக்குச் சூரணம் கொடுக்கும்போது, இன்சுலின் போடுறவங்களுக்கு என்ன சொல்றீங்க சார்?" பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நோயாளி அடுத்த மாதம் உங்கள் ஓ.பி.க்கும் வருவார்.