நடக்கும்போது தண்டுவட நரம்பணுக்களில் நிகழ்வது

தண்டுவடக் காயமுற்றோரின் குடும்பத்தினர் எம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு: “போர்வையை விலக்கியதும் கால் தானாகவே மடங்குகிறதே, இனி நடந்துவிடுவாரா?” இதற்கு ஒரு சொல்லில் விடை கூறுவது முறையன்று. காலை இயக்கும் நரம்பணுக்களின் இயல்பை அறிந்தால் அக்காட்சியின் பொருள் விளங்கும்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. பெரியவர்களில் அது ஏறக்குறைய முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் கீழ்ப்பகுதியில் சற்றுப் பருத்த ஓரிடத்தில்தான் கால் தசைகளுக்குரிய இயக்க நரம்பணுக்கள் பெரும்பாலும் அமைந்துள்ளன. மூளையின் கட்டளையாயினும் பாதத்தின் உணர்வாயினும், இவற்றின் வழியாகவே தசையைச் சென்றடைய வேண்டும்.

ஓய்விலிருக்கும் இயக்க நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். வந்து சேரும் தூண்டல்கள் அதனைக் குறைத்து ஒரு வரம்பைத் தொடச் செய்யும்போதே மின்துடிப்பு எழும். அவ்வரம்பு கல்லில் வெட்டிய கோடு அன்று. பூனைகளில் நடத்திய ஆய்வுகளில், நடை இயக்கம் தொடங்கியதும் வரம்பு தாழ்வதும், ஒவ்வொரு துடிப்புக்கும் பின் வரும் தணிவு குறைவதும் காணப்பட்டன. எண்ணெய் இட்ட தாழ்ப்பாள் சிறு விசைக்கே திறப்பதைப் போன்றது இது. மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் சுரக்கும் செரட்டோனினும் நார்அட்ரினலினும் இத்தகைய மாற்றத்திற்குத் துணைபுரிகின்றன. அவை நரம்பணுவில் மெதுவாக மூடும் மின்வாயில்களைத் திறந்து, சிறு தூண்டலையும் பெருக்கிக் காட்டுகின்றன.

ஒரே அடிவைப்புக்குள்ளும் நிலை மாறிக்கொண்டே இருக்கிறது. முழங்காலின் பின்புற நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்து, கெண்டைக்கால் தசையின் அனிச்சைத் துலங்கலை அளக்கலாம். கனடாவில் 1986-இல் வெளியான ஆய்வொன்று, பாதம் தரையில் ஊன்றியிருக்கையில் இத்துலங்கல் படிப்படியாக வளர்வதையும், கால் காற்றில் வீசப்படுகையில் ஏறக்குறைய அடங்கிவிடுவதையும் காட்டியது. அடங்கியே ஆக வேண்டும். வீசும்போது பாதம் மேல்நோக்கி மடங்கக் கெண்டைக்கால் தசை நீள்கிறது. அந்நேரம் அது அனிச்சையாகச் சுருங்கினால் விரல்நுனி தரையில் தட்டி நாம் இடறிவிழுவோம். (இவ்வடக்கத்தில் நரம்பணுவுக்கு மட்டுமன்றி, உணர்வு நரம்பின் முனையிலேயே செய்தி தணிக்கப்படுவதற்கும் பங்குண்டு.)

காயத்திற்குக் கீழே செரட்டோனின் வழங்கல் அறுபடுகிறது. முதல் சில வாரங்கள் கால் துவண்டு கிடப்பதற்கு இது ஒரு காரணம். பின்னர் நரம்பணுக்கள் தம்மைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. செரட்டோனினை ஏற்கும் வாங்கிகளுள் சில, அது வராமலேயே செயற்படத் தொடங்குகின்றன. பெருக்கும் ஆற்றல் திரும்பிவிடுகிறது. அடக்கும் கட்டளைகளோ போதிய அளவு வருவதில்லை. எனவே போர்வை உரசினாலும் நெடுநேரம் நீடிக்கும் இழுப்பு உண்டாகிறது.

ஆகவே தானாக மடங்கும் கால், கீழுள்ள நரம்பணுக்கள் உயிருடன் இருப்பதைக் காட்டுகிறது. மூளையுடன் தொடர்பு மீண்டதைக் காட்டுவதில்லை. நாம் தேடுவது வேறு: “பெருவிரலை அசையுங்கள்” என்றதும் அவ்விரல் அசைகிறதா, மீண்டும் கேட்டால் மீண்டும் அசைகிறதா என்பதே. அத்தகைய அசைவு சிறிதளவேனும் கண்டால் தயங்காது எம்மிடம் கூறுங்கள்.

தொடர்பு ஓரளவு எஞ்சியவர்களுக்குக் கச்சையில் தாங்கி ட்ரெட்மில்லில் நடைப்பயிற்சி அளிக்கும்போது, உள்ளங்காலில் எடை விழுவதையும் இடுப்பு பின்னோக்கி நன்கு நீள்வதையும் இயன்முறை மருத்துவர் வற்புறுத்துவார். ஊன்றும் தசைகளின் நரம்பணுக்களைத் தூண்டுவது முன்னது. வீசத் தொடங்கும் தருணத்தை அறிவிப்பது பின்னது. நோயாளி களைத்திருக்கையில் பயிற்சியாளர் இதில் கண்டிப்பாக இருப்பது குடும்பத்தினருக்குக் கடுமையாகத் தோன்றலாம்.

இழுப்பைத் தணிக்கத் தரப்படும் பேக்லோஃபென் மாத்திரையைத் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பும் மனக்குழப்பமும் நேரக்கூடும்; மருத்துவர் சொல்லும்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இழுப்பு ஓரிரு நாள்களில் திடுமென மிகுந்தால், மாத்திரையைக் கூட்டுமுன் சிறுநீர்த் தொற்று, நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதையில் புதைந்த நகம் ஆகியவை உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். உணர்வற்ற காலில் வலி தெரியாது. இழுப்பே அதனைத் தெரிவிக்கிறது.