வெளிநாட்டுப் பயணமா? முதலில் நாள் கணக்கைப் பாருங்கள்!

'பத்தியம்' என்று சொன்னாலே என்னிடம் வரும் நோயாளிகளில் பாதிப்பேர் முகம் சுருங்கிவிடும். "புளி கூடாது, கத்திரிக்காய் கூடாதுன்னா அப்புறம் என்னத்தைத்தான் டாக்டர் சாப்பிடறது?" என்று சண்டைக்கே வருவார்கள். ஆனால் இத்தனை வருட அனுபவத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். "சரியாக 48 நாள். அதற்குப் பிறகு படிப்படியாக எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். அதே ஆளிடம் "கொஞ்ச நாள் இருங்க, அப்புறம் பார்ப்போம்" என்று சொன்னால், பத்தாம் நாளே ஹோட்டலில் சாம்பார் வடையோடு உட்கார்ந்திருப்பார்!

மனித மனம் கஷ்டத்தைத் தாங்கும். கணக்குத் தெரியாத கஷ்டத்தைத்தான் தாங்காது.

'இதற்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. 2020 முதல் 2023 வரை கொரோனா காலத்தில் ஒவ்வொரு நாடும் தன் வாசலில் ஒரு விதியை எழுதி மாட்டியது. 'போகலாமா, வேண்டாமா?' என்று கோடிக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அந்தத் தவிப்பில் மக்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று பார்த்தால், அடுத்த தடவை இப்படி ஒரு நிலைமை வந்தால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது புரியும். நம் குடும்பங்களுக்கு ரொம்பவும் பழக்கமான சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

வாசலில் நிறுத்துவது புதிதல்ல

வெளியூர்க்காரரை வாசலிலேயே நிறுத்திவைப்பது பழைய வழக்கம்தான். 1377-ல், இன்று டுப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகூசா துறைமுகம், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் தனியே வைத்தது. பிறகு அது 40 நாள் ஆயிற்று. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான் 'குவாரன்டைன்'. சிங்கப்பூரிலும் 1874 முதல் செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒரு தனிமை நிலையம் இருந்தது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய நம்மவர்களும் சீனர்களும் அங்கே காத்திருந்துதான் ஊருக்குள் நுழைந்தார்கள்.

விதியின் கதை

2020 மார்ச் 23-ம் தேதி நள்ளிரவு முதல், குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவர் யாரும் உள்ளே வரக் கூடாது என்று சிங்கப்பூர் கதவைச் சாத்தியது. அதே சமயத்தில் இந்தியாவும் வழக்கமான சர்வதேச விமானங்களை நிறுத்திவிட்டது. அவை மீண்டும் பறந்தது 2022 மார்ச் 27-ல்தான். இடையில் இரு நாடுகளும் பேசி ஏற்பாடு செய்த சிறப்பு விமானங்கள் மட்டுமே ஓடின.

அங்கே வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வந்து திரும்பினால் 14 நாள் ஹோட்டல் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். அதற்குக் கட்டணம் 2,000 சிங்கப்பூர் டாலர். பிறகு 2021 ஏப்ரலில், இந்தியாவுக்குப் போய்வந்தவர்கள், அங்கே வேலை செய்ய அனுமதி வைத்திருந்தாலும்கூட, திரும்ப நுழைய முடியாது என்று ஆனது. அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தும், 'போனால் திரும்பி வர முடியுமா? வேலை என்னாகும்?' என்று கண்ணீரோடு அங்கேயே இருந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி என் கிளினிக்கில் எத்தனையோ பெற்றோர் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் அந்தத் தடை விலகியது. 2021 நவம்பர் 29 முதல் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தனிமை இல்லாத சிறப்பு விமானங்கள் தொடங்கின. கிளம்புமுன் ஒரு பரிசோதனை, இறங்கியதும் ஒரு பரிசோதனை, 30,000 டாலருக்குக் குறையாத காப்பீடு என்று நிபந்தனைகள் இருந்தன. இருந்தாலும் ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு டிக்கெட் எடுத்தார்கள்.

ஒரு டீச்சரம்மாவின் அனுபவம்

என்னிடம் பல வருடமாகச் சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். வயது 67. மகள் சிங்கப்பூரில். 2022 ஜனவரியில் தலைப்பிரசவம். டீச்சரம்மா போட்டுக்கொண்டது கோவேக்சின். அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் 2021 நவம்பர் 3-ம் தேதிதான் கிடைத்தது. அதுவரை, ஊசி போட்டும் போடாதவர் கணக்குதான்! அங்கீகாரமும் வந்து, விமானமும் வருகிறது என்றதும் பரபரப்பாக ஓடிவந்தார்.

"டாக்டர், இப்பவே டிக்கெட் போட்டுடட்டுமா?"

சோதித்துப் பார்த்தால் சர்க்கரை தாறுமாறாக இருந்தது. "கொஞ்சம் பொறுங்க டீச்சரம்மா. சர்க்கரை இறங்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

டிசம்பர் மூன்றாவது வாரம் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. "இனி தாராளமாகக் கிளம்பலாம்" என்று நான் சொன்ன இரண்டாவது நாள், டிசம்பர் 22-ம் தேதி, ஒமைக்ரான் காரணமாக அந்தச் சிறப்பு விமானங்களுக்கு ஜனவரி 20 வரை புதிய டிக்கெட் விற்பனை கிடையாது என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே டிக்கெட் வைத்திருந்தவர்கள் போகலாம். டீச்சரம்மாவிடம் டிக்கெட் இல்லை.

பிரசவம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீடியோவில் பார்த்துப் பார்த்துப் பூண்டுக்குழம்பு வைத்தார். ஏப்ரலில் விதி தளர்ந்த பிறகு டீச்சரம்மா போனபோது பேரனுக்கு மூன்று மாதம். "குழந்தையைக் குளிப்பாட்டற நாளெல்லாம் போயிடுச்சு டாக்டர்" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். பத்தியத்துக்கு 48 நாள் என்று கணக்குச் சொல்லும் நான், அவருக்கு மட்டும் 'பார்ப்போம்' என்றேன். "மூன்று வாரத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரப் பார்ப்போம். டிசம்பர் பத்துக்கு மேல் ஒரு தேதியில் இப்பவே டிக்கெட் போட்டுவையுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் 14 நாள்? எதற்குப் பரிசோதனை?

விதியைத் திட்டுவதற்கு முன் அதன் காரணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமி உடம்பில் புகுந்தவுடன் காய்ச்சல் வந்துவிடாது. முதலில் பரவிய கொரோனாவுக்கு அந்த இடைவெளி சராசரியாக ஐந்து நாள். அதிகபட்சமாக 14 நாள் வரை போகலாம் என்று கணக்கிட்டார்கள். அதனால்தான் 14 நாள் தனிமை. ஒமைக்ரானில் இடைவெளி சுமார் மூன்று நாளாகக் குறைந்தது. தனிமை நாட்களும் குறைந்தன.

இன்னொரு சூட்சுமம். நோய் நன்றாகக் குணமான பிறகும் சிலருக்கு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் வாரக்கணக்கில் 'பாசிட்டிவ்' என்று காட்டும். அது பெரும்பாலும் செத்த கிருமியின் மிச்சம்தான். ஆனால் விமான நிலையத்தில் அதைச் சொன்னால் எடுபடுமா? அதற்காகத்தான் பல நாடுகள் 'குணமானவர்' என்ற சான்றிதழைத் தனியாகக் கேட்டன. இது தெரியாமல் கடைசி நேரத்தில் தவித்தவர்கள் உண்டு.

ஜனங்கள் எதைக் கணக்குப் போட்டார்கள்?

சிங்கப்பூருக்கு 2019-ல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1 கோடியே 91 லட்சம் பேர். 2020-ல் 27 லட்சம். 2021-ல் வெறும் 3.3 லட்சம்! 2022 ஏப்ரல் 1 முதல் தடுப்பூசி போட்டவர்கள் யாவரும் தனிமையில்லாமல் வரலாம் என்றார்கள். அம்மாதக் கடைசியில், கிளம்புமுன் செய்யும் பரிசோதனையையும் நீக்கினார்கள். ஜனவரியில் ஏறக்குறைய 57 ஆயிரமாக இருந்த மாத வருகை, ஜூனில் 5.4 லட்சத்தைத் தொட்டது. 2023-ல் 1 கோடியே 36 லட்சம்.

விதி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். விமானங்கள் குறைவு, டிக்கெட் விலை, நோய் பயம் எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் கிளம்ப நினைத்தவர்கள் மனதில் ஓடிய கேள்விகள் மூன்று.

ஒன்று, நாள். பத்து நாள் லீவில் போகிறவர் 14 நாள் தனிமைக்கு எங்கே போவார்?

இரண்டு, பணம். டிக்கெட்டோடு பரிசோதனை, காப்பீடு, அறை வாடகை. நாலு பேர் கொண்ட குடும்பம் என்றால் எல்லாம் நான்கு மடங்கு.

மூன்றாவதுதான் முக்கியம். 'அங்கே போய்ப் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் எங்கே படுப்பேன்? எப்படித் திரும்புவேன்?' திரும்பும் வாசலுக்கும் விதி உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022 ஜனவரி 11 முதல் பிப்ரவரி 14 வரை, இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் வீட்டில் ஏழு நாள் தனிமையில் இருக்க வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 13 வரை சிங்கப்பூர், தாய்லாந்து, ஜப்பான் உள்பட ஆறு இடங்களிலிருந்து வந்தவர்கள் பரிசோதனைச் சான்று காட்ட வேண்டியிருந்தது.

அதே சமயம் விதி தைரியமும் கொடுத்தது. "விமானத்துல எல்லாரும் ஊசி போட்டவங்க, டெஸ்ட் எடுத்தவங்க" என்ற நம்பிக்கையில்தான் வயதானவர்கள் பலர் துணிந்து கிளம்பினார்கள். ஆக, விதி இருப்பது பிரச்னை இல்லை. அது தெளிவாக இருக்கிறதா, நாளைக்கும் அப்படியே இருக்குமா என்பதுதான் பிரச்னை.

அரைக் கதவு திறந்தால்...

ஜப்பானைப் பாருங்கள். 2019-ல் 3 கோடியே 18 லட்சத்துக்கும் மேல் வெளிநாட்டவர் போன நாடு. 2022 ஜூன் 10-ல் சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்தது. ஆனால் வழிகாட்டியோடு, குழுவாக, விசா வாங்கித்தான் வர வேண்டும். ஜூன் மாதம் அப்படி வந்த சுற்றுலாப் பயணிகள் சில நூறு பேர்தான்! யென் மதிப்பு சரிந்து, வெளிநாட்டவருக்கு எல்லாம் மலிவாகக் கிடைத்த நேரம் அது. இருந்தும் வரவில்லை. அக்டோபர் 11-ல் தனியாகவும் வரலாம் என்றார்கள். செப்டம்பரில் இரண்டு லட்சமாக இருந்த மொத்த வருகை டிசம்பரில் 13 லட்சத்தைத் தாண்டியது. 'வாங்க' என்று வாயால் சொல்லிவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு மறித்தால் விருந்தாளி வருவாரா?

கபசுரக் குடிநீர் செல்லுமா?

அந்த நாட்களில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி: "டாக்டர், நான் தினமும் கபசுரக் குடிநீர் குடிக்கிறேன். நீங்க ஒரு சர்டிபிகேட் கொடுத்தா ஊசி போடாமலே போகலாமா?" முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். சித்த மருத்துவன் என்பதால் சொல்கிறேன், நம் மருந்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று இல்லை; எந்த நாட்டின் விதியிலும் அது சேர்த்தி இல்லை. அப்படிச் சான்றிதழ் தரத் தயாராக இருக்கும் யாரையும் நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

கொரோனா தொடர்பான சர்வதேச அவசர நிலையை 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் முடித்துவைத்தது. ஆனால் வாசல் விதி என்ற விஷயம் முடிந்துவிடவில்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து ஊசிச் சான்று இல்லாமல் வந்தால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். அந்த ஊசி சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடப்படுகிறது. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். கிளம்புவதற்கு முதல் நாள் ஓடினால் பயனில்லை.

1. போகிற நாட்டின் அரசு அறிவிப்பையும், திரும்பி வரும்போது நம் நாட்டின் விதியையும் இரண்டு தடவை பாருங்கள்: டிக்கெட் எடுக்கும் முன் ஒன்று, கிளம்புவதற்கு மூன்று நாள் முன் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

2. ஒரு தாளை எடுத்து மொத்த நாளையும் எழுதுங்கள். ஊசி வேலை செய்ய எத்தனை நாள், சான்று வர எத்தனை நாள், அங்கே எத்தனை நாள், திரும்பிய பின் எத்தனை நாள்.

3. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், தங்கும் நாளைவிட 14 நாளுக்கு அதிகமாக மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். அந்த நாட்டில் அந்த மருந்துக்கு அனுமதி உண்டா என்றும் பாருங்கள்.

4. சூரணம், லேகியம் எடுத்துப் போவதானால் கம்பெனி லேபிளோடு, சீல் உடைக்காமல், பில்லோடு எடுத்துப்போங்கள். காகிதத்தில் மடித்த பொடி எதுவும் வேண்டாம். அவர்களுக்கு அது எந்தப் பொடி என்று தெரியாது!

5. சான்றிதழில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் தகராறு நம் ஊரில் அதிகம்.

6. தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட், சிகிச்சைக்கும் கூடுதல் நாள் தங்குவதற்கும் பணம் தரும் காப்பீடு. இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

7. டாக்டரிடம் "போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "போக முடியாது என்றால், எத்தனை நாள் கழித்துப் போகலாம்?" என்று கேளுங்கள். அவர் 'பார்ப்போம்' என்றால் விடாதீர்கள். ஒரு தேதியை வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

இந்த ஏழாவதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டீச்சரம்மா. இப்போது என்னிடம் யாராவது பயணம் என்று வந்தால், முதலில் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறேன். நாடி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்!