தலைக்கவசம்: கலையா? கருவியா?

மண்ணூர்பேட்டையை அடுத்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நெகிழியை வார்ப்பது அன்றாடத் தொழில். அவ்வாறு வார்த்த பொருள் கலையாகுமா? இவ்வினா ஒருமுறை இங்கிலாந்தின் நீதிமன்றம் ஏறியது.

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் வீரர்கள் அணிந்த வெண்ணிறத் தலைக்கவசங்களைச் செய்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். சூடேற்றிய நெகிழித் தகட்டை அச்சின்மீது விரித்து, இடைப்பட்ட காற்றை உறிஞ்சினால், தகடு அச்சின் வடிவத்தைப் பெறும். பின்னாளில் அவர் அதே தலைக்கவசங்களைச் செய்து விற்றபோது, படநிறுவனம் பதிப்புரிமை கோரி வழக்குத் தொடுத்தது. தலைக்கவசம் சிற்பமன்று, படமாக்கலுக்கு உதவிய பொருளே என 2011இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் தெருக்கூத்துக் கலைஞர் சூடும் மணிமுடியோ, எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்து உருவாவது. கூத்தில்லா நாளிலும் அது கலைதானே?

சிந்திக்க: ஒரு பொருளின் உரிமை, அதனைக் கற்பனை செய்தவருக்கா, கையால் உருவாக்கியவருக்கா? காரணம் காட்டி விவாதிக்க.