பழைய ஆலயத்தைக் கண்ட கண்கள்



எஸ்திராஸ் ஆகமம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். பபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த யூத ஜனங்கள் ஜெருசலேம் ஆலயத்துக்கு மறுபடியும் அஸ்திவாரம் போடுகிறார்கள். எக்காளம் முழங்குகிறது, கைத்தாளம் ஒலிக்கிறது, ஜனங்கள் ஆனந்த ஆரவாரம் செய்கிறார்கள். அதே இடத்தில் வயது சென்ற குருக்களும் வம்சத் தலைவர்களும் வாய்விட்டு அழுகிறார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பகுத்தறிய முடியாதபடி இரண்டும் கலந்து வெகு தூரம் கேட்டதாம்.

ஏன் அழுதார்கள்? சாலமோன் கட்டிய பழைய ஆலயத்தை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். அது ஏறக்குறைய கி.மு. 587-ல் சுட்டெரிக்கப்பட்டது. சீருஸ் அரசன் யூதரை ஊர் திரும்ப விட்டது கி.மு. 538-ல். நடுவே சுமார் 50 வருஷம். அப்படியானால் அழுத கிழவர்களில் அநேகர் பத்து, பதினைந்து, இருபது வயதில் அந்தக் கோவிலைப் பார்த்தவர்களாய் இருக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சற்று மனதில் வையுங்கள். மனித ஞாபகத்தை ஆராய்கிறவர்கள் இக்காலத்தில் கண்டிருப்பதும் இதை ஒத்ததே. வயோதிகரிடம் பழைய காலத்தைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் நடந்தவையே மற்றவற்றைவிட அதிகமாய் வருகின்றனவாம். அந்த வயதில் பார்த்த கோவில் பெரிதாய்த்தான் இருக்கும். அந்த வயதில் தின்ற அதிரசமும் ருசியாய்த்தான் இருக்கும்.

நம் பங்குகளிலும் இந்த அழுகை உண்டு. எண்பது வயதைத் தாண்டிய ஒருவரோடு திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். லத்தீன் பாட்டுப் பூசையைச் சொல்வார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் புறப்பட்ட சப்பரத்தைச் சொல்வார். நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் தொடாமல் இருந்து நன்மை வாங்கியதைச் சொல்லும்போது அவர் குரலே மாறும். அவர் சொல்வது மெய். 1953-ல்தான் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர், தண்ணீர் குடித்தால் அந்த உபவாசம் முறியாது என்று இளக்கினார். 1957-ல் அது மூன்று மணி நேரமாயிற்று, 1964-ல் ஒரு மணி நேரம். “இப்போது உள்ளவர்கள் காப்பி குடித்துவிட்டு வருகிறார்கள்” என்று அவர் முணுமுணுத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். பசியோடு காத்திருந்த பிள்ளைக்கு அந்த அப்பம் எவ்வளவாய் இருந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் ஞாபகம் என்பது பொறுக்கியெடுக்கும் கை. இஸ்ராயேல் மக்கள் வனாந்தரத்தில் மோயீசனிடம் முறையிட்டபோது எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றுவிடாமல் அடுக்கினார்கள். அங்கே அறுத்த செங்கல் மாத்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. சாலமோன் ஆலயமும் அப்படியே. அந்தக் கிழவர்கள் நினைத்து அழுத அதே கோவிலின் வாசலில்தான் எரேமியாஸ் தீர்க்கதரிசி நின்றுகொண்டு, விதவையையும் அநாதையையும் பரதேசியையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து ஒதுங்குகிறீர்களே என்று இடித்துரைத்தார். அந்தக் குரலை நினைத்து எவரும் அழுததாக எழுதப்படவில்லை.

நமது பழைய நாட்களிலும் செங்கல் அறுத்தவர்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலுக்குள் சாதிக்கென்று சுவர் நின்றதும், அதை இடிக்க எழுந்த வழக்கும் சண்டையும் சரித்திரத்தில் உள்ளவை. சுவர் இல்லாத ஊர்களிலும் இன்னார் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்றிருந்தது. கல்லறையிலும் பிரித்தார்கள். சப்பரம் சில தெருக்களுக்குப் போனதேயில்லை. இன்றும் சில ஊர்களில் இது முற்றிலும் தீர்ந்தபாடில்லை. “அந்தக் காலத்தில் கோவில் நிறைந்திருந்தது” என்று ஒரு தாத்தா சொல்லும்போது, அதே வயதுள்ள இன்னொரு தாத்தா அதே பூசைக்குத் தாம் எங்கே நின்றார் என்பதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கக்கூடும். இருவரையும் கேட்டால்தான் அந்தக் காலம் முழுதாய்க் கிடைக்கும்.

வயோதிகரின் பழங்கதையை வெறும் புலம்பல் என்று தள்ளுவது முன்பு வைத்தியர்களுக்கே வழக்கமாய் இருந்தது. புத்தி தளர்ந்ததற்கு அது ஓர் அடையாளம் என்றார்கள். 1963-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர் ராபர்ட் பட்லர் இதை மறுத்து எழுதினார். மரணம் நெருங்குவதை உணர்கிற மனிதன் தன் ஜீவியத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது சுபாவமானது, முன்பு தீராமல் விட்ட காரியங்கள் அப்போது மேலெழும்பி வருகின்றன, அதனால் சிலருக்குச் சமாதானமும் சிலருக்குத் தாளாத மனவருத்தமும் உண்டாகிறது என்றார். நமது ஆத்தும சோதனைக்கும் இதற்கும் வெகு தூரம் இல்லை. ஒன்று சேசுநாதர் முன்னிலையில் நடக்கிறது, மற்றது பெரும்பாலும் தனியே, இரவில் தூக்கம் வராதபோது.

ஆகையால் வீட்டிலுள்ள பாட்டி ஒரே கலியாணக் கதையைப் பத்தாம் முறை சொன்னால், “இதைத்தான் நேற்றே சொன்னீர்களே” என்று மருமகள் வாயை அடைக்க வேண்டாம். பத்து முறை வருகிற கதையில் பெரும்பாலும் ஏதோ பாக்கி இருக்கிறது. பந்தியிலிருந்து எழுந்துபோன நாத்தனார் பிறகு என்ன ஆனார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பத்து முறையும் சொல்லாததை அப்போது சொல்லக்கூடும்.

வயது சென்ற நீங்களும் சற்றுக் கேளுங்கள். பழைய நாளை நினைக்கும்போது அதில் வருகிற ஆட்களை எண்ணிப் பாருங்கள். பேசாமல் விட்ட அண்ணன், பாகத் தகராறில் பிரிந்த தங்கை, கோவில் வாசலில் உங்கள் வாயால் அவமானப்பட்ட ஒருவர். சிலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாம். சிலர் இன்னும் இருக்கிறார்கள். கடிதம் எழுதக் கை நடுங்கினால் பேரன் கையில் தொலைபேசி இருக்கிறது, எண்ணை அவன் போட்டுத் தருவான். பேசுகிறபோது மாத்திரம் அவனைச் சற்று வெளியே நிற்கச் சொல்லுங்கள்.