மூத்த பேராசிரியரும் சர்வகலாசாலை ஆட்சியும்

கலாசாலையிற் பயிலும் நாம் வகுப்பறையில் ஆசிரியரைக் காண்கின்றோம். பரீட்சை மண்டபத்திற் சர்வகலாசாலையைக் காண்கின்றோம். இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்வன நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. எந்நூலைப் பாடமாக வைப்பது, எவ்வளவு கற்றார்க்குப் பட்டம் அளிப்பது, எவரை ஆசிரியராக நியமிப்பது, எத்துறைக்குப் பொருள் ஒதுக்குவது என்பனவெல்லாம் ஏதோ ஓர் அவையிற் சிலராற் கூடி முடிவு செய்யப்படுகின்றன. அம்முடிவின் பயனை நுகர்வோர் மாணாக்கர்; முடிவு செய்யும் இடத்திலோ மாணாக்கர் பெரும்பாலும் இல்லை. ஆதலின் வகுப்பறையை நன்கறிந்த ஒருவர் அவ்வவையிலிருந்து நமக்காகப் பேசவேண்டுவது இன்றியமையாதது. அங்ஙனம் பேசுதற்குரியார் மூத்த பேராசிரியரே. கல்வியின் தரத்தை உயர்த்துவதிலும், சர்வகலாசாலையின் ஆட்சியை நெறிப்படுத்துவதிலும் அவர்க்குள்ள கடமை யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அவையும் கல்வியும்

கற்றோர் கூடி ஆளும் அவை நம் நாட்டுக்குப் புதிதன்று. எம்மூராகிய சுசீந்திரம் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் சுந்தர சோழச் சதுர்வேதிமங்கலம் என வழங்கப்பெற்றது. ஈண்டு ஒரு சபை இருந்து கோயிற் காரியங்களையும் நிலங்களையும் மேற்பார்த்து வந்தது. நாஞ்சில் நாட்டிற் பிறந்து சென்னைச் சர்வகலாசாலையில் வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கிய டாக்டர் கே. கே. பிள்ளை அவர்கள் 1953ஆம் ஆண்டில் வெளிவந்த சுசீந்திரம் கோயிலைப் பற்றிய தம் ஆங்கில நூலில் அச்சபையின் இயல்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள்.

இத்தகைய சபைகளின் உறுப்பினர் எத்தகுதி உடையராதல் வேண்டும் என்பதனைத் தொண்டை நாட்டு உத்தரமேரூரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு நன்கு விளக்குகின்றது. 921ஆம் ஆண்டைச் சார்ந்த அவ்வேற்பாட்டின்படி, உறுப்பினராதற்கு வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையராதல் வேண்டும். ஆயினும் அதனிற் பாதியே உடையாரும் கல்வியில் மிக்கவராயின் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதார் விலக்கப்பட்டனர். அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொருளின் குறையைக் கல்வி நிறைவு செய்யும் என்பதும், எத்துணைக் கற்றவராயினும் கணக்குக் காட்டவேண்டும் என்பதும் இவற்றாற் பெறப்படும். இவ்விரண்டும் இன்றைய சர்வகலாசாலை அவைகளுக்கும் பொருந்துவனவன்றோ?

எனினும் அப்பழைய சபைகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவை ஒரு வகுப்பாருக்கே உரியனவாயிருந்தன. கற்றற்கு வாயிலே அடைக்கப்பட்டவர்க்குக் கல்வித் தகுதி எங்ஙனம் வாய்க்கும்? இதே சுசீந்திரத்திற் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் எல்லாரும் நடத்தற்கு உரிமை வேண்டி 1926ஆம் ஆண்டிற் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது, டாக்டர் எம். இ. நாயுடு அதனை முன்நின்று நடத்தினார். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாளன்றே வந்தது. தெருவில் நடக்க உரிமையின்றி நின்றவர் மரபிற் பிறந்தோர் இன்று கலாசாலையிற் கற்கின்றனர், கற்பிக்கின்றனர். ஆகவே கற்றோர் ஆட்சி என்பது கல்வியின் கதவைத் திறந்துவைத்திருப்போர் ஆட்சியாதல் வேண்டும் என்பதனை எம்மூர் மண்ணே நமக்குக் கற்பிக்கின்றது.

ஒரு தமிழ்ப் பேராசிரியரின் போராட்டம்

நிற்க, சர்வகலாசாலை ஆட்சியிற் பேராசிரியர் ஒருவர் தலையிட்டதனால் விளைந்த நன்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டைக் காண்பாம். சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அது பாடத்தை வகுத்துப் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே இருந்தது. கற்பித்தல் முழுவதும் கலாசாலைகளிலேயே நிகழ்ந்தது. எனவே கற்பிப்போர் ஒருபுறமும், பாடத்தை வகுப்போர் மற்றொருபுறமும் நின்றனர்.

1902ஆம் ஆண்டிற் பாடத்திட்டத்தினின்றும் தமிழ் முதலிய தாய்மொழிகளை நீக்கிவிடலாம் என்னும் ஒரு யோசனை சர்வகலாசாலையில் எழுந்தது. அந்நாளிற் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் தமிழ்த் துறைத் தலைவராயிருந்தவர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழாக்கிக் கொண்டவர் இவரே. இவரும், இவர்தம் நண்பரும் முந்நீர்ப்பள்ளத்தில் தோன்றிய ஆங்கில ஆசிரியருமாகிய மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அந்த யோசனையை எதிர்த்து முனைந்து உழைத்தனர். அக்கலாசாலையின் தலைவர் டாக்டர் வில்லியம் மில்லரே 1901 முதல் 1904 வரை சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. முடிவில் அந்த யோசனை கைவிடப்பட்டது. தமிழ் தன் இடத்தை இழவாது நின்றது.

சாஸ்திரியார் அவ்வெதிர்ப்பிற்குக் கொண்ட கருவி யாது? வெறும் மொழிப்பற்று அன்று. தமிழ் தனித்தியங்க வல்லது, பழமையும் இலக்கண வரம்பும் இலக்கியச் செல்வமும் உடையது, ஆதலின் அஃது உயர்தனிச் செம்மொழியாம் எனத் தக்க காரணங்காட்டி எழுதினார். ‘தமிழ்மொழியின் வரலாறு’ என்னும் நூலையும் இயற்றினார். மத்திய அரசாங்கம் தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004ஆம் ஆண்டில். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு கலாசாலைப் பேராசிரியர் அவ்வழக்கை எழுத்தில் நிலைநாட்டியிருந்தார். தம் அறையிலிருந்து ஆராய்ந்த உண்மையை அவையிற் கொண்டுபோய் வைத்தமையே அவர் செய்த அருஞ்செயல். வகுப்பறையிற் பேசியதோடு அவர் அமைந்திருப்பாராயின், அவர்பாற் கற்ற சிலர் மட்டுமே பயன் பெற்றிருப்பர். ஆராய்ச்சியின்றி அவையில் முழங்கியிருப்பாராயின், கேட்டோர் அதனைப் பொருட்படுத்தியிரார்.

மூப்பு என்பது யாது?

இப்போராட்டத்தின்போது சாஸ்திரியாரின் வயது முப்பத்திரண்டே. அடுத்த ஆண்டு 1903இல் அவர் மறைந்தார். திருவனந்தபுரத்து மகாராஜா கலாசாலையில் தத்துவப் பேராசிரியராயிருந்து ‘மனோன்மணீயம்’ இயற்றிய சுந்தரம் பிள்ளையோ நாற்பத்திரண்டாம் வயதில் 1897இல் மறைந்தார். இவர்களை மூத்த பேராசிரியர் என்னலாமோ எனின், என்னலாம். மூப்பு என்பது பணியாண்டுகளின் தொகை மட்டும் அன்று. தம் துறையைத் தமக்குப்பின் வருவோர்க்கு வளமுற ஒப்படைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்வதே உண்மையான மூப்பாகும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறும். இவற்றை மூத்த பேராசிரியர்க்குப் பொருத்திப் பார்ப்பாம்.

நிலத்தின் இயல்பு பொறுமை. சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913ஆம் ஆண்டில் சாண்ட்லர் என்னும் மதுரை மிஷனெரியின் தலைமையில் தொடங்கிற்று. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து 1936இல் அதன் ஆறு பாகங்களையும் முடித்தார். ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதன்கண் அடங்கின. தொடங்கியவர் வேறு, முடித்தவர் வேறு. ஆயினும் பணி அறுபடவில்லை. நெடுங்காலப் பணிகளை இங்ஙனம் தாங்கி நிற்பது ஓராண்டிற்கென நியமிக்கப்படும் ஆசிரியராற் கூடாது.

மலையின் இயல்பு நிலைபெயராமை. எம் மாவட்டத்துக் கலாசாலைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. முதலில் அவை சென்னைச் சர்வகலாசாலையைச் சார்ந்திருந்தன; 1937இல் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலை தோன்றவே அதனைச் சார்ந்தன; 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தபின் மீண்டும் சென்னையைச் சார்ந்தன; 1966இல் மதுரைச் சர்வகலாசாலைக்கும், 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்கும் உரியவாயின. சட்டமும் பரீட்சை முறையும் பாடநூலும் இத்துணை முறை மாறியும் வகுப்பறைக் கல்வி நிலைகுலையாதிருந்ததெனின், அஃது ஆங்காங்கு நிலைத்து நின்ற பேராசிரியர்களின் பயனே. புதிய பாடத்திட்டம் வருந்தோறும் பழையதிற் கொள்ளத்தக்கது இன்னது, தள்ளத்தக்கது இன்னது என உணர்ந்து கூறவல்லார் அவரன்றி வேறு யாவர்?

நிறைகோலின் இயல்பு நடுநிலை. வையாபுரிப் பிள்ளை கிறிஸ்தவக் கலாசாலையில் மறைமலையடிகளிடம் கற்றவர். ஆயினும் தமிழ் நூல்களின் காலத்தை வரையறுப்பதில் இருவரும் பெரிதும் மாறுபட்டனர். அடிகள் பழமையை வற்புறுத்தினார். பிள்ளை பலவற்றைப் பிற்காலத்தன என்றார். எவர் கொள்கை எத்துணை ஏற்கத்தக்கது என்பது இன்றும் வாதத்திற்குரியதே. ஆயினும் மாணாக்கர் ஆசிரியரை மறுக்கவும், அதனாற் கல்வி வளரவும் இடமுண்டு என்பது இதனால் விளங்கும். மூத்தோர் தம் கருத்துக்கு மாறானதைக் காரணங்கண்டு தள்ளவேண்டும்; மாறானது என்பதற்காகவே தள்ளலாகாது.

மலரின் இயல்பு உரிய காலத்தில் மலர்தலும் பிறர்க்கு மணம் தருதலும் ஆம். இளைஞராயிருந்த மறைமலையடிகள் திருவனந்தபுரம் சென்றபோது சுந்தரம் பிள்ளை அவர்தம் புலமையை மதித்து நற்சான்று அளித்தார். பின்னர் 1898இல் அவரைக் கிறிஸ்தவக் கலாசாலையின் தமிழாசிரியராகத் தெரிந்தெடுத்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். ஓர் இளைஞனைத் தகுதியறிந்து உயர்த்தியதனால் தமிழுலகம் பெற்ற பயன் அளவிடற்கரியது. நியமனக் குழுவில் அமரும் பேராசிரியர் இதனை நாடோறும் நினைத்தல் நன்று. ஆங்கு அவர் எழுதும் ஒரு வரி, முப்பதாண்டு மாணாக்கரின் நல்வாழ்வையோ கேட்டையோ வரையறுக்கின்றது.

பேராசிரியர் ஆட்சியேற்றல்

பேராசிரியர் ஆட்சியை ஏற்றால் ஆராய்ச்சி கெடும் என்பர் சிலர். முற்றும் பொய்யன்று. கோப்புகளிற் கையொப்பமிடுவதிலே காலம் கழித்துத் தம் நூலை எழுதாமல் ஓய்ந்த புலவர் பலர். ஆயினும் கற்றோர் விலகி நின்றால் அவ்விருக்கை வெறுமையாய் இராது. கல்வியின் அருமை அறியாதார் அதில் அமர்வர். 1966இல் மதுரைச் சர்வகலாசாலை தோன்றியபோது அதன் முதல் துணைவேந்தராயினார் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார். அவர் வழக்கறிஞராகப் பயின்றவர்; அண்ணாமலைச் சர்வகலாசாலையிற் பேராசிரியராயிருந்தவர்; மொழிநூலிலும் இலக்கியத்திலும் ஒருங்கே வல்லவர். தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் புதியதோர் சர்வகலாசாலையைத் தோற்றுவித்து நடத்தக்கூடும் என்பதனை அவர் காட்டினார்.

1923ஆம் ஆண்டுச் சென்னைச் சர்வகலாசாலைச் சட்டம் கல்விக் காரியங்களை ஆராய்தற்கெனத் தனியே ஒரு கல்விக் குழுவை அமைத்தது. பொருளும் நிருவாகமும் ஓரவையிடத்தும், பாடமும் பரீட்சையும் மற்றோரவையிடத்தும் இருத்தல் தக்கது என்பதே அதன் கருத்து. தன்னாட்சி பெற்ற கலாசாலைகளிலும் இன்று இத்தகைய குழுக்கள் உண்டு. இவற்றிற் பேராசிரியர் வாய்திறந்து பேசினாலன்றி இவை பெயரளவில் நின்று ஒழியும். முன்னரே எழுதிய தீர்மானத்திற்குத் தலையசைத்துத் தேநீர் அருந்தி எழுந்துபோகும் கூட்டத்தால் மாணாக்கர்க்கு விளையும் பயன் யாது?

இன்றைய நிலை

இப்பொருள் இன்று நமக்கு மிக அண்மையிலுள்ளது. பேராசிரியர் பதவிகள் பலவிடங்களில் நிரப்பப்படாதிருக்கின்றன. ஓய்வு பெற்றவர் இடத்திற் கௌரவ விரிவுரையாளர் குறைந்த ஊதியத்திற் கற்பிக்கின்றனர். அவர்தம் உழைப்பிற் குறையில்லை. ஆயின் அடுத்த ஆண்டு தமக்கு இடமுண்டோ என ஐயுறுவார் அவையில் எங்ஙனம் அஞ்சாது பேசுவர்? நெடுங்கால ஆராய்ச்சியை எங்ஙனம் மேற்கொள்வர்? மற்றும், பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டில் ஆசிரியரின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையொன்றைப் புகுத்தியபின், கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசை பலர்க்கு உண்டாயிற்று. பேரகராதிபோல் இருபது ஆண்டுக்கு மேல் நீளும் பணியை எம்மதிப்பெண்ணால் அளப்பது?

மூத்த பேராசிரியர்களை நாம் வேண்டுவன மூன்று. முதலாம் ஆண்டு வகுப்பையும் அவர்கள் ஒரு முறையேனும் கற்பித்தல் வேண்டும். அடிப்படையில் எவ்விடத்து மாணாக்கர் இடர்ப்படுகின்றனர் என்பதை அறிந்தவரே பாடத்திட்டத்தைச் செவ்வையாக வகுக்கவல்லார். இரண்டாவதாக, அவையில் எடுத்த முடிவையும் அதற்குரிய காரணத்தையும் துறையினர்க்கும் மாணாக்கர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். உத்தரமேரூர்ச் சபை கேட்ட கணக்கு இதுவே. மூன்றாவதாக, தாம் ஓய்வு பெறுமுன் தம் இடத்திற்குத் தகுதியுடையாரை உருவாக்கல் வேண்டும்.

மாணாக்கராகிய நமக்கும் கடன் உண்டு. ஆசிரியரைப் பரீட்சைக்குரிய குறிப்புக்களைத் தருபவராகவே கருதும் வழக்கத்தை விடுத்து, அவர்பால் வினாக்களைக் கொண்டு செல்லுதல் வேண்டும். நன்கு வினவும் மாணாக்கரைப் பெற்ற பேராசிரியர் அவையிலும் நன்கு பேசுவர். பழைய மாணவராகிய பெரியோர் இக்கலாசாலைக்குக் கட்டிடம் அளித்தலோடு, ஒரு துறையில் ஒரு பேராசிரியர் இருக்கை நிலைபெறவும் துணைபுரிவாராயின் அஃது எங்களுக்குப் பின் வருவோர்க்கும் செய்த அறமாகும்.

1902இல் ஒருவர் எழுந்து பேசாதிருந்தால் தமிழ் கலாசாலைப் பாடத்தினின்று அன்றே நீங்கியிருத்தல் கூடும். இன்று யாம் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கற்கின்றோம். அவ்வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது அவர் போன்றோர் அவைக்கு அஞ்சாமையாலேயே. அத்தகையோர் இனியும் நம் அவைகளில் இருத்தல் வேண்டும். அவர் இடம் வெறிதாகாமற் காப்பது நம் அனைவர்க்கும் உரிய பொறுப்பாகும்.