பணம் கேட்கும் குறுஞ்செய்தி: ஓர் இளைஞனுக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்றிற்கு, போனில் சேலை கேட்டு வரும் வாடிக்கையாளர்களுக்குப் பில் போட்டவுடனே பணம் செலுத்தும் லிங்க் தானாகவே எஸ்.எம்.எஸ்.ஸில் போய்ச் சேரும்படி மென்பொருள் எழுதியிருக்கிறாய் என்றும், அனுப்பியவற்றில் பலவற்றை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று முதலாளி குறைப்படுகிறார் என்றும் உன் கடிதத்தால் அறிந்தேன். திறக்காதவர்களை விஷயம் தெரியாதவர்கள் என்று நீ எழுதியிருப்பது எனக்குச் சம்மதமில்லை; அவர்கள் விவேகமான காரியத்தையே செய்திருக்கிறார்கள்.

2022 வாக்கில் நம் ஊர்களில் உலவிய மோசடிச் செய்தி உனக்கு நினைவிருக்கும். போன மாதத்து மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும் என்று வந்த அந்த இரண்டு வரிகளை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் உண்டு. அதன் பின் வங்கியும் போலீஸும் முன்பின் தெரியாத லிங்க்கைத் தொடாதே என்று ஓயாமல் உபதேசித்து வருகையில், அந்த உபதேசத்தைச் சிரத்தையுடன் கைக்கொண்டவரிடத்தில்தான் உன் செய்தி போய் நிற்கிறது. முன்னாளில் பாக்கிச் சீட்டோடு வாசலில் வந்து நின்ற கடைக் குமாஸ்தாவுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. உன் செய்திக்கு அது இல்லை. ஆகவே, சந்தேகப்படுகிற மனிதரை முன்னே நிறுத்திக்கொண்டு எழுது.

கடையின் பெயர், பில் எண், என்ன வாங்கினார், எவ்வளவு தொகை ஆகிய நான்கும் லிங்க்குக்கு முன்னால் வரட்டும். 'உடனே', 'கடைசி வாய்ப்பு' போன்ற பதங்களை மோசடிக்காரர்களே குத்தகைக்கு எடுத்துக்கொண்டுவிட்டபடியால், நாணயமான கடைக்கு அவை ஆகா. முகவரியை மறைக்கும் சுருக்க லிங்க்குகளையும் விட்டுவிட்டு, கூடுமானால் கடையின் சொந்த டொமைன் பெயரே கண்ணில் படும்படி செய். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி கடையையும், அனுப்புவோர் பெயரையும், செய்தியின் வாசக மாதிரியையும் டி.எல்.டி. என்னும் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டியிருப்பதையும், 2024 அக்டோபர் 1 முதல் பதியாத லிங்க் உள்ள செய்திகள் வழியிலேயே தடுக்கப்படுவதையும் உன் வயதுக்காரர்கள் உபத்திரவம் என்கிறார்கள். முகமில்லாத செய்திக்கு ஓர் அடையாளத்தை இந்த ஏற்பாடு கொடுக்கிறதென்று நான் சந்தோஷப்படுகிறேன். ஆனால் பில் செய்தியின் வாலில் தீபாவளித் தள்ளுபடியைச் சேர்த்துவிடாதே. சேர்த்தால் அது விளம்பரச் செய்தியாகிவிடும்.

பாஷை விஷயத்தில் முதலாளி சிக்கனம் பேசுவார். அவர் பேச்சில் நியாயமும் உண்டு. இங்கிலீஷில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் கொடுக்கிற எஸ்.எம்.எஸ்., தமிழுக்கு 70 இடமே கொடுக்கிறது. அதை மீறினால் செய்தி துண்டுகளாகி, துண்டுக்கு 67 இடமாகச் சுருங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கட்டணம் ஏறுகிறது. போதாக்குறைக்குப் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. 'அன்புள்ள வாடிக்கையாளர்' என்பது கண்ணுக்கு 12 எழுத்து. கணக்கிலோ, இடைவெளியும் சேர்த்து 22. (இங்கிலீஷ்காரர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு: 2010-இல் வந்த நம் ரூபாய்ச் சின்னத்தை ஓரிடத்தில் போட்டால் போதும், செய்தி முழுவதும் அந்த 70 கணக்கில் விழுந்துவிடும்.) ஆயினும் தமிழிலேயே எழுது என்பது என் அபிப்பிராயம்; கடையில் தமிழில் பேரம் பேசியவருக்கு இங்கிலீஷில் வரும் பில் அந்நியமாகத்தான் தோன்றும். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் 'அன்புள்ள வாடிக்கையாளர்' என்ற அந்த உபசார வார்த்தையை வெட்டு.

பணம் வந்த பிறகுதான் உன் தொழிலின் நாணயம் பரீட்சைக்கு வருகிறது. தொகையைப் பைசாவில் கேட்கும் ரேஸர்பே போன்ற பணம் வசூலிக்கும் சேவைக்கு 1,250 ரூபாய்க்கு 1,25,000 என்று எழுதாமல் 1,250 என்றே அனுப்பினால், வாடிக்கையாளரிடம் பன்னிரண்டரை ரூபாய்தான் கேட்கப்படும். இரண்டு இடத்தில் நூறால் பெருக்கினாலோ சேலை வாங்கியவர் மூர்ச்சையாகிவிடுவார். பணம் செலுத்தியவர் உன் இணையப் பக்கத்துக்குத் திரும்பி வருவார் என்று காத்திராதே. போனை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். பணம் சேர்ந்ததென்று அந்தச் சேவையின் வெப்ஹூக் கொண்டுவரும் சமாசாரத்தின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்பே நம்பு. அதே சமாசாரம் இரண்டு முறையும் வரலாம். ஒருமுறைதான் வரவு வை.

வங்கிக் கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராமல் அந்தரத்தில் நிற்கும் சந்தர்ப்பமும் உண்டு. யுபிஐயில் வியாபாரிக்குச் செலுத்திய பணம் அப்படி நின்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. 'கட்டிவிட்டேன், பணமும் போய்விட்டது' என்று ஒருவர் சொல்லும்போது, அந்த நாட்களில் உன் நிரல் பாட்டுக்கு மூன்று நினைவூட்டல்களை அனுப்புமானால், அவருக்கு நீயும் அந்த 9.30 மணிக்காரனும் ஒன்றுதான். புகார் வந்த பில்லுக்கு நினைவூட்டலை நிறுத்திவைக்கும் வசதியைக் கடை ஊழியர் கையிலேயே கொடு. இரண்டாவது லிங்க் அனுப்ப நேர்ந்தால் முதலாவதை ரத்து செய்துவிட்டே அனுப்பு.

எவ்வளவு செய்தாலும் லிங்க்கைத் தொடாமல், தம்மிடம் ஏற்கெனவே உள்ள கடை எண்ணுக்குப் போன் செய்து, 'இது நீங்கள் அனுப்பியதுதானா?' என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். போனை எடுக்கும் பெண் பில் எண்ணைத் தட்டியவுடன், எந்த வாசகம் எத்தனை மணிக்குப் போயிற்று, பணம் வந்ததா இல்லையா என்பது அவள் கண்முன்னே தெரிய வேண்டும். லிங்க் வேண்டாம் என்பவருக்குக் கடையின் க்யூஆர் படமோ, ரொக்கமோ போதும் என்று சொல்லும் அதிகாரமும் அவளுக்கு இருக்க வேண்டும். உன் கடிதத்தில் அப்படியொரு திரையைப் பற்றிய பேச்சே இல்லை. இந்த வாரம் அதை எழுதி முடி. நினைவூட்டல் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்